சென்னை மேற்குப் புறநகரின் பழைய ஊர்கள்: பாடி முதல் பூந்தமல்லி வரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று நகரங்களும், அவற்றை ஒட்டிய பாடி, கொரட்டூர், திருமுல்லைவாயில், திருவேற்காடு, மாங்காடு முதலிய ஊர்களும் சேர்ந்த நிலப்பரப்பைச் சென்னையின் மேற்குப் புறநகர் என்கிறோம். இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டாங்கித் தொழிற்சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஆகியவைதாம். இவை எல்லாம் கடந்த 70, 80 ஆண்டுகளில் பெரிதாக வளர்ந்தவை. ஆனால் இதே நிலப்பரப்பில் 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய ஊர்கள் இருக்கின்றன. சென்னைக் கோட்டைக்கு நிலம் கிடைத்த காலத்தில் அதிகார மையமாக இருந்த ஊரும் இங்கேதான் இருக்கிறது.

இந்தப் பழைய ஊர்கள் எங்கே இருக்கின்றன, அவற்றில் எதைப் பார்க்க வேண்டும், அவை ஏன் கண்ணில் படாமல் போயின, இன்று எது அழிந்து வருகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாற்றுப் பகுதி என்றால் என்ன?

ஒரு நவீன நகரத்துக்குள் பழைய தெருக்கள், வீடுகள், வழிபாட்டு இடங்கள், நீர்நிலைகள் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து எஞ்சியிருக்கும் இடத்தை வரலாற்றுப் பகுதி என்பார்கள். தனியாக நிற்கும் ஒரு பழைய கட்டடத்தை அப்படிச் சொல்வதில்லை. கட்டடங்களுக்கு இடையே உள்ள தொடர்பும் பிழைத்திருந்தால்தான் அது வரலாற்றுப் பகுதி.

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த தமிழர்கள் பலருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு துபாயின் அல் ஃபஹீதி பகுதி. இதன் பழைய பெயர் பஸ்தகியா. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானின் பஸ்தக் முதலிய ஊர்களிலிருந்து வந்த வணிகர்கள் இங்கே குடியேறினார்கள். ஈரான் கரையில் சுங்க வரி கூடியதும் துபாயில் வரிச் சலுகை கிடைத்ததும் அதற்குக் காரணம். பவளக்கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டிய வீடுகள், மேலே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் காற்றுக் கோபுரங்கள், நிழல் விழும் குறுகிய சந்துகள் ஆகியவை இதன் அடையாளம். எண்ணெய்ப் பணம் வந்த பிறகு இப்பகுதியில் ஒரு பாதி இடிக்கப்பட்டது. 1980களில் மீதியையும் இடிக்கும் பேச்சு எழுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. 1990களில் துபாய் மாநகராட்சி எஞ்சியதைச் சீரமைக்கத் தொடங்கியது. இன்று அது எல்லை வகுக்கப்பட்ட, பெயர்ப்பலகை வைத்த பகுதி. வெளிநாட்டுப் பயணி ஒருவர் அரை நாளில் அதை நடந்தே பார்த்துவிடலாம்.

சென்னையின் மேற்குப் புறநகரில் அப்படி எல்லை வகுத்த பகுதி எதுவும் இல்லை. ஆனால் அல் ஃபஹீதியைவிடப் பல நூறு ஆண்டுகள் பழமையான ஊர்கள் இங்கே உள்ளன. வேறுபாடு இன்னொன்றும் உண்டு. அல் ஃபஹீதியில் பழைய குடிகள் இப்போது இல்லை. வீடுகள் காட்சிக்கூடங்களாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. இங்கே கோயிலில் பூசை நடக்கிறது, தேர் ஓடுகிறது, தெருவில் மக்கள் வாழ்கிறார்கள். பழைய ஊர் பாதுகாக்கப்பட்டதால் பிழைக்கவில்லை. பயன்பாட்டில் இருந்ததால் பிழைத்தது. எதன் பயன்பாடு நின்றுபோனதோ அது மறைந்துகொண்டிருக்கிறது.

பழைய ஊரின் அமைப்பு

இப்பகுதி பழைய தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தது. தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றில் புழல் கோட்டமும் புலியூர்க் கோட்டமும் இப்பக்கத்தில் அமைந்தவை. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு தொண்டை மண்டலத்தில் குறைவு. எனவே வடகிழக்குப் பருவமழையை ஏரிகளில் பிடித்து வைத்தே வேளாண்மை நடந்தது.

ஏரி, வயல், குளம், கோயில், தெரு ஆகிய ஐந்தும் சேர்ந்ததே இங்கே ஓர் ஊர். மேட்டில் ஏரி, அதன் மதகுக்குக் கீழே வயல், சற்று உயர்ந்த இடத்தில் குடியிருப்பு, நடுவில் கோயில், அதை ஒட்டிக் குளம் என்பதே பொதுவான அமைப்பு. கோயிலைச் சுற்றி மாட வீதிகள், கோயிலின் எதிரே சன்னதித் தெரு, தேர் நிற்கும் தேரடி. ஏரி நிறைந்ததும் மிகுந்த நீர் கலங்கல் வழியாக வெளியேறிப் போக்குக் கால்வாயில் ஓடி அடுத்த ஏரியை அடையும். அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் போவது இவ்வாறே.

இந்த அமைப்பு தெரிந்துவிட்டால் புறநகரின் நெரிசலுக்குள்ளும் பழைய ஊரைக் கண்டுபிடிப்பது எளிது. நேராக வெட்டிய மனைப்பிரிவுச் சாலைகள் திடீரென வளையத் தொடங்கினால், சன்னதித் தெரு, தேரடித் தெரு என்ற பெயர்கள் வந்தால், அங்கே பழைய ஊர் தொடங்குகிறது என்று கொள்ளலாம்.

பாடி

பாடி என்றால் இன்று நான்கு பக்கமும் வளைந்து இறங்கும் மேம்பாலமும் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா தொழிற்சாலைகளும்தாம் முதலில் தெரியும். இதே ஊரின் தேவாரப் பெயர் திருவலிதாயம். இங்குள்ள திருவல்லீஸ்வரர் கோயிலைச் சம்பந்தர் பாடியுள்ளார். வலியன் என்னும் கருங்குருவி வடிவில் பரத்வாச முனிவர் வழிபட்டதால் இப்பெயர் வந்தது என்பது தலபுராணம். குரு பகவான் வழிபட்ட தலம் என்ற நம்பிக்கையும் இருப்பதால் குருப்பெயர்ச்சி நாளில் பெருங்கூட்டம் கூடுகிறது.

இக்கோயிலில் பார்க்க வேண்டியது கருவறையின் பின்புறம். அது சதுரமாக முடியாமல் அரைவட்டமாக வளைந்திருக்கும். படுத்திருக்கும் யானையின் பின்பக்கம் போலத் தோன்றுவதால் இதைத் தூங்கானை மாடம் அல்லது கஜபிருஷ்ட விமானம் என்பார்கள். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தொண்டை நாட்டுக் கோயில்களில் இவ்வடிவம் அதிகம் காணப்படுகிறது. முன்வாசலில் வணங்கிவிட்டுத் திரும்புபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. திருச்சுற்றில் நின்று மேலே பார்த்தால்தான் தெரியும்.

திருமுல்லைவாயில்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயில், மேற்குப் புறநகரின் பழைய ஊர் அமைப்பு நன்றாக எஞ்சியுள்ள இடங்களில் ஒன்று. மாசிலாமணீசுவரர் கோயிலும் அதை ஒட்டிய பெரிய குளமும் அருகருகே உள்ளன. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுந்தரர் இத்தலத்தைப் பாடியுள்ளார். சோழ நாட்டில் இதே பெயருடைய இன்னொரு தலம் இருப்பதால் இது வடதிருமுல்லைவாயில் எனப்படுகிறது.

தொண்டைமான் என்ற அரசன் புழலை ஆண்ட குறும்பர்களோடு போரிட வந்தபோது அவன் யானையின் கால்களில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாம். கொடியை வாளால் வெட்டியபோது புதருக்குள் இருந்த லிங்கத்தின் மீது வெட்டுப்பட்டு இரத்தம் வந்தது என்று தலபுராணம் சொல்கிறது. அந்தக் காயத்துக்காகவே லிங்கத்துக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு இருக்கிறது என்பார்கள். இறைவன் அரசனுக்குத் துணையாக நந்தியை அனுப்பினாராம். அதனால் இக்கோயில் நந்தி, வழக்கத்துக்கு மாறாக, லிங்கத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்து அமர்ந்திருக்கிறது. கருவறைக்கு முன்னே உள்ள இரண்டு எருக்கந்தூண்கள் தோற்ற குறும்பரின் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை எனப்படுகிறது.

இது புராணக் கதை என்றாலும் ஒரு வரலாற்று நினைவு இதற்குள் இருக்கிறது. காடும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த பகுதி ஏரியும் வயலும் கொண்ட வேளாண் நாடாக மாறியபோது பழைய குடிகளுக்கும் புதிய அரசுக்கும் மோதல் ஏற்பட்டது என்பதைத் தொண்டை மண்டலக் கதைகள் பலவற்றில் காணலாம். குறும்பர் கதை அவற்றில் ஒன்று.

இங்குள்ள அம்மன் கொடியிடை நாயகி. திருவொற்றியூர் வடிவுடை அம்மன், மீஞ்சூரை அடுத்த மேலூர் திருவுடை அம்மன், கொடியிடை அம்மன் ஆகிய மூவரையும் வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் நாளில் ஒரே நாளில் தரிசிப்பது சென்னை மக்களின் வழக்கம். அந்த நாட்களில் மட்டும் இந்தச் சன்னதித் தெரு மறுபடியும் பழைய ஊராகத் தோன்றும்.

ஆவடியும் திருநின்றவூரும்

ஆவடி என்ற பெயர் கவச வாகனக் கிடங்கின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டானது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. முதல் விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது. ஆனால் 1955 ஜனவரியில், யு. என். தேபர் தலைமையில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது நடந்த காங்கிரஸ் மாநாடே ஆவடி மாநாடு என்றுதான் வரலாற்றில் பதிவாகியுள்ளது. சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்பது நோக்கம் என்ற தீர்மானம் அங்குதான் நிறைவேறியது. எனவே டாங்கித் தொழிற்சாலையால் இப்பெயர் வரவில்லை என்பது உறுதி. ஒரு பழைய ஊர்ப்பெயருக்கு இப்படி ஒரு விளக்கம் ஒட்டிக்கொண்டதே, தொழிற்சாலைக்கு முன்பு இங்கே ஊர் இருந்தது என்ற நினைவு எவ்வளவு மங்கிவிட்டது என்பதைக் காட்டுகிறது.

ஆவடிக்கு மேற்கே ரயில் பாதையில் உள்ளது திருநின்றவூர். இங்குள்ள பக்தவத்சலப் பெருமாள் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. 63 நாயன்மார்களில் ஒருவரான பூசலாரின் ஊரும் இதுதான். கையில் பொருள் இல்லாத பூசலார் தம் மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்துக் கோயில் கட்டினார். பல்லவ மன்னன் காஞ்சியில் தான் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நாள் குறித்தபோது, இறைவன் கனவில் தோன்றி, அதே நாளில் தாம் நின்றவூர் அன்பரின் கோயிலுக்குப் போக வேண்டியிருப்பதால் வேறு நாள் பார்க்கும்படி சொன்னாராம். மன்னன் நின்றவூருக்கு வந்து கோயில் எங்கே என்று கேட்டபோது ஊராருக்குத் தெரியவில்லை. இக்கதையின் நினைவாக இங்கே இருதயாலீசுவரர் கோயில் உள்ளது.

திருவேற்காடும் குன்றத்தூரும்

கூவம் ஆற்றின் கரையில் உள்ள திருவேற்காடு இன்று தேவி கருமாரியம்மன் கோயிலால் புகழ்பெற்றது. அதே ஊரில் உள்ள வேதபுரீசுவரர் கோயில் சம்பந்தரின் பாடல் பெற்றது. வெள்வேல மரம் இதன் தலமரம். அதிலிருந்தே வேற்காடு என்ற பெயர் வந்தது. சூதாடிக் கிடைத்த பொருளை அடியார்களுக்கு உணவிடச் செலவிட்ட மூர்க்க நாயனார் பிறந்த ஊரும் இதுதான்.

பூந்தமல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக இருந்த இவர், சோழ நாட்டுத் திருநாகேச்சரத்தின் மேல் கொண்ட அன்பால் தம் ஊரிலும் அதே பெயரில் ஒரு கோயில் கட்டினார். வேற்காட்டு மூர்க்க நாயனாரும் நின்றவூர்ப் பூசலாரும் அவருக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். பெரியபுராணத்தின் ஒரு பகுதி இந்தப் புறநகரின் உள்ளூர் வரலாறு என்றே சொல்லலாம். மூன்று ஊர்களையும் ஒரே நாளில் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும்.

பூந்தமல்லி

மேற்குப் புறநகரில் நகரத்தன்மை பெற்ற மிகப் பழைய ஊர் பூந்தமல்லி. காஞ்சிபுரத்துக்கும் ஆற்காட்டுக்கும் போகும் பெருவழியில் இருந்ததால் கோயில் ஊராகவும் நிர்வாக ஊராகவும் வளர்ந்தது. பூவிருந்தவல்லி என்பது இதன் மற்றொரு பெயர்.

11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் இவ்வூரில் பிறந்தவர். இங்குள்ள நந்தவனத்தில் பூப்பறித்துக் காஞ்சி வரதராசப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சாத்துவதும், அங்கே ஆலவட்டம் வீசுவதும் அவர் செய்த தொண்டு. அவர் வணிகக் குலத்தவர். அந்தணரான இராமானுசர் அவரையே வழிகாட்டியாகக் கொண்டார். அவர் உண்ட மிச்சத்தை உண்ண விரும்பி இராமானுசர் விருந்துக்கு அழைத்ததும், இராமானுசர் வெளியே போயிருந்த நேரத்தில் அவர் மனைவி நம்பிகளுக்கு உணவிட்டு அனுப்பிவிட்டு இடத்தைக் கழுவிவிட்டதும், இராமானுசர் மனம் வருந்தியதும் வைணவ குருபரம்பரைக் கதைகளில் புகழ்பெற்றவை. பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் நம்பிகளுக்கும் சன்னதி உண்டு. மாசி மாத மிருகசீரிடம் அவர் பிறந்த நாள்.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி தந்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவருடைய தம்பி அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்து இப்பகுதி நிர்வாகத்தைக் கவனித்தார். அன்று பூந்தமல்லி ஆட்சி நடக்கும் ஊர், சென்னை கடலோரத்து மணல்மேடு. பூந்தமல்லியைச் சென்னையின் புறநகர் என்று இன்று சொல்லும்போது இந்த வரிசை தலைகீழாகிவிட்டதை நினைவில் கொள்ள வேண்டும்.

1640களில் இப்பகுதி கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சிக்கு வந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்த மீர் ஜும்லா ஈரானில் பிறந்தவர், வைர வணிகர், பாரசீக வளைகுடாத் துறைமுகங்களோடு கப்பல் வணிகம் செய்தவர். அவரிடம் பணிபுரிந்த ருஸ்தம் என்பவர் 1653இல் கட்டிய பள்ளிவாசல் பூந்தமல்லியில் உள்ளது. அதன் பாரசீகக் கல்வெட்டு இதைப் பதிவு செய்கிறது. வேலைக்காக இங்கிருந்து வளைகுடாவுக்குப் போகும் காலம் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே, அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்காகப் பூந்தமல்லிக்கு வந்தவர்கள் இருந்தார்கள்.

கோல்கொண்டா காலத்தில் பூந்தமல்லியின் ஆளுநர் லிங்கப்பா, கேட்ட பணம் கிடைக்காதபோது சென்னைக்குப் போகும் உணவுப் பொருட்களைத் தடுத்து நிறுத்தினார். கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் அவரோடு பேரம் பேச வேண்டியிருந்தது. பின்னர் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் பூந்தமல்லிக் கோட்டை ஐரோப்பியப் படைவீரர்கள் தங்குமிடமாகவும், நோயுற்ற வீரர்கள் உடல் தேறும் இடமாகவும் பயன்பட்டது.

ஒரே ஊரில் வைணவ ஆசாரியர் பிறந்த இடம், கோல்கொண்டா காலப் பள்ளிவாசல், ஆங்கிலேயர் படைத்தளம் ஆகிய மூன்றும் நடந்துபோகும் தொலைவில் இருந்திருக்கின்றன. ஆனால் பேருந்து நிலையத்தில் இறங்கும் ஒருவருக்கு இதைச் சொல்லும் ஒரு பலகையும் கண்ணில் படுவதில்லை.

பழைய ஊர் எப்படி மறைந்தது?

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகவே சென்றது. ரயில் பாதையும் காலி நிலமும் தண்ணீரும் ஒருங்கே கிடைத்ததால் விடுதலைக்குப் பிறகு தொழிற்சாலைகள் இங்கே வந்தன. 1949இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை அமைந்தது. தொழிலாளர் குடும்பங்கள் வந்தன, வயல்கள் மனைகளாயின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியானது.

இந்த மாற்றத்தில் கோயில்கள் பிழைத்தன. புதிதாக வந்த குடும்பங்களும் அவற்றை ஏற்றுக்கொண்டதே காரணம். அழிந்தவை ஏரிகளும் கால்வாய்களும்தாம். வயல் இருந்தவரை மதகையும் கால்வாயையும் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார்கள். தண்ணீர் வராவிட்டால் பயிர் கருகும் என்பதால் ஊரே சேர்ந்து தூர் வாரியது. வயல் மனையானதும் கால்வாயால் யாருக்கும் பயன் இல்லை. அது முதலில் குப்பை கொட்டும் இடமாகி, பிறகு சாக்கடையாகி, இறுதியில் சாலையாகவோ வீடாகவோ ஆனது. ஆனால் மழைநீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. பெருமழை பெய்யும்போது ஏரிகளுக்கு இடைப்பட்ட தாழ்வான குடியிருப்புகளில் தண்ணீர் தேங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது குறித்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

பழைய ஊரைக் காப்பது பழமையை விரும்புபவர்களின் பொழுதுபோக்கு மட்டும் அன்று என்பதற்கு இதுவே சான்று. கோயிலும் குளமும் ஏரியும் கால்வாயும் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகள். ஓர் உறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடினால் அதன் விலையை அங்கே வீடு வாங்கியவர்தான் கொடுக்கிறார்.

சட்டம் எதைக் காக்கிறது?

மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டம், 2010 திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடத்தைத் தடை செய்கிறது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. தமிழ்நாடு அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலத் தொல்லியல் துறையின் சின்னங்களுக்கு உரியது. கோயில்களின் நிர்வாகமும் சொத்தும் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது.

இவை ஒவ்வொன்றும் ஒரு தனிப் பொருளைக் காக்கின்றன. கோயில் ஒரு துறை, ஏரி ஒரு துறை, தெரு உள்ளாட்சி, வீடு தனியார். இவற்றை ஒன்றாக, ஒரே பகுதியாகப் பார்க்கும் பொறுப்பு நடைமுறையில் யாரிடமும் இல்லை. அல் ஃபஹீதியில் நடந்தது இதற்கு மாறானது. அங்கே ஒரே நிர்வாகம் வீடு, சந்து, சதுக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கையில் எடுத்தது. இந்தியாவிலும் அகமதாபாத்தின் பழைய நகரம் 2017இலும் ஜெய்ப்பூர் நகரம் 2019இலும் முழுப் பகுதிகளாகவே உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. எனவே பகுதியாகக் காப்பது முடியாத காரியம் அன்று.

சுற்றிப் பார்க்க

இந்த ஊர்களை இரண்டு நாட்களில் பார்க்கலாம். முதல் நாள் ரயில் வழி. சென்ட்ரலில் இருந்து ஆவடி, திருவள்ளூர் செல்லும் புறநகர் ரயிலில் கொரட்டூரில் இறங்கிப் பாடி திருவல்லீஸ்வரர் கோயிலுக்குப் போகலாம். பிறகு திருமுல்லைவாயில் நிலையம், கடைசியாகத் திருநின்றவூர். இரண்டாம் நாள் சாலை வழி. திருவேற்காடு, பூந்தமல்லி, மாங்காடு, குன்றத்தூர் ஆகியவை இந்த வரிசையில் அமையும். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறக்கும் என்பதால் காலை சீக்கிரம் தொடங்குவது நல்லது. நடுப்பகல் நேரத்தை ஏரிக்கரைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, நடைபாதையோடு மக்கள் வந்துபோகும் இடமாகியுள்ளது.

ஒவ்வோர் ஊரிலும் நான்கு பொருட்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

1. கருவறையின் வடிவமும் வெளிச்சுவரும். சுவரில் கல்வெட்டு இருந்தால் அதன் மீது சுண்ணாம்போ வண்ணமோ பூசப்பட்டிருக்கிறதா என்று கவனிக்கலாம். எண்ணெய் தடவுவதும் மாவு பூசிப் படம் எடுப்பதும் எழுத்துகளைக் கெடுக்கும்.

2. குளத்துக்கு நீர் வரும் வழி. படித்துறை இருந்து, நீர் வரும் வாய்க்கால் அடைபட்டிருந்தால் அந்தக் குளம் மழை நேரடியாக விழுந்தால் மட்டுமே நிறையும்.

3. தெருப் பெயர்கள். எந்தத் தொழில் செய்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைப் பல நேரங்களில் பெயர்களே சொல்லும்.

4. திண்ணை வைத்த ஓட்டு வீடுகள். இவற்றுக்கு எந்தச் சட்டத்தின் காப்பும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் குறைந்து வருபவை இவைதாம்.

உள்ளூரில் செய்யக்கூடியவை

அரசு எல்லை வகுக்கும் வரை காத்திருக்காமல் ஊராரே செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. இடிக்கப்படும் முன் பழைய வீடுகளைப் படம் எடுத்து ஆண்டோடு பதிவு செய்யலாம். ஏரி, குளம், கால்வாய் இருந்த வழியை வயதானவர்களிடம் கேட்டு வரைபடத்தில் குறிக்கலாம். வருவாய்த் துறையின் புல வரைபடங்களில் கால்வாய்களின் அகலம் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பள்ளிப் பிள்ளைகளைத் தொலைதூரச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகும் முன் தம் ஊர்க் கோயிலின் தூங்கானை மாடத்தையும் ஏரியின் கலங்கலையும் காட்டலாம். தெருக்களுக்குப் புதிய பெயர் வைக்கும்போது பழைய பெயரைக் கைவிடாமல் இருக்கலாம்.

துபாய்க்குப் போகும் பயணி அல் ஃபஹீதியைத் தேடிப் போவதற்குக் காரணம், அது அங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருப்பதுதான். திருவலிதாயமும் வடதிருமுல்லைவாயிலும் பூவிருந்தவல்லியும் அதைவிடப் பழையவை, இன்னும் உயிரோடு இருப்பவை. பாடி மேம்பாலத்தில் நாள்தோறும் போய்வருபவர்களுக்கு அவை அங்கே இருப்பது தெரிந்தால், கோயிலைப் போலவே குளத்துக்கும் கால்வாய்க்கும் கேட்க ஆள் இருக்கும்.